ஆண்டுப் பலனும் ஐந்தொகையும்

வருவதை முன்னரே அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. சித்திரை முதல் நாளில் புதுப் பஞ்சாங்கத்திற்கு மஞ்சள் தடவி வைத்து, பெரியவர் ஒருவர் படிக்க வீட்டார் சூழ்ந்திருந்து கேட்பது நம் நாட்டில் நெடுநாளாய் வழங்கிவரும் ஒரு முறை. அவ்வாண்டிற்கு அரசன் யார், மந்திரி யார், மேகாதிபதி யார், அர்க்காதிபதி யார், மழை எத்தனை மரக்கால், நாடாள்வோர்க்குள் பகை உண்டோ, தானியங்களின் விலை ஏறுமோ இறங்குமோ என்பனவெல்லாம் அதன்கண் வரிசையாக வரையப்பெற்றிருக்கும். அறுபது ஆண்டிற்கும் ஆண்டிற்கொரு வெண்பாவாக இடைக்காட்டுச் சித்தர் பெயரால் வழங்கும் நூலிலிருந்து அவ்வாண்டிற்குரிய பாட்டும் அதனோடு சேர்ந்திருப்பதுண்டு. கேட்போர் தலையசைப்பர், சிலர் பெருமூச்செறிவர். ஆனால், பங்குனி முடிவில் அதே பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லியது எது, நடந்தது எது என ஒத்துப் பார்த்த குடும்பம் ஒன்றையேனும் யாம் கண்டதில்லை. பழைய பஞ்சாங்கம் பரணுக்குப் போய்விடும். புதியது கூடத்திற்கு வந்துவிடும்.

இதனைப் படிக்கும் கலாசாலை மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகையாடுதற்கு முன்னர், ஜனவரி முதல் வாரத்துச் செய்தித்தாள்களை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. இவ்வாண்டில் எந்தக் கட்சி வெல்லும், எந்த நாட்டில் ஆட்சி மாறும், வட்டி விகிதம் குறையுமா, தங்கத்தின் விலை எங்கே போய் நிற்கும், எந்தத் தொலைக்காட்சி நிறுவனம் எதனோடு இணையும் என்று பேராசிரியரும் பொருளியலாரும் பத்திரிகாசிரியரும் பத்தி பத்தியாய் எழுதியிருப்பர். கிரகங்களின் பெயர் போய்ப் புள்ளிவிவரங்களின் பெயர் வந்ததே வேற்றுமை. டிசம்பர் முடிவில் அப்பத்திகளும் பரணுக்கே போகின்றன. பஞ்சாங்கக்காரரேனும் தாம் கூறியது நூலின் முடிபென்று நூலின்மேற் பழிபோட இடமுண்டு. இவர்கள் கூறுவதோ தம் சொந்த அறிவின் பயனன்றோ?

முன்கூறுதலைக் குற்றம் சொல்லுதல் எம் கருத்தன்று. கூறியபின் கணக்குக் காட்டாதிருத்தலையே யாம் குற்றமெனக் கருதுகின்றோம். சிறு மளிகைக்கடை வைத்திருப்பவரும் ஆண்டு முடிவில் பேரேட்டைப் பரப்பி, பற்றும் வரவும் கூட்டி, ஐந்தொகை போட்டுப் பார்க்கின்றார். உலகத்தின் போக்கையே எடைபோட்டு விற்கும் இவ்வாணிகத்தார்க்கு மட்டும் ஐந்தொகை ஏன் இல்லை?

பிறரை வினவுமுன் எம் ஐந்தொகையை வைத்தல் முறையாகும். எம்முள் ஆசிரியர் இருவர், மாணவர் இருவர், நூல்நிலையத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர், ஆக ஐவர். 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆளரவமின்றிக் கிடந்த விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து, நீண்ட ஏடு ஒன்றில் பதினொரு வரி எழுதினோம். வரிக்கொரு செய்தி, அதன் எதிரே, நடக்கும் என்பதில் எமக்குள்ள உறுதி நூற்றுக்கு எத்தனை என்பது. ஐவரும் கூடி வாதிட்டு ஒப்புக்கொண்ட எண்ணையே இட்டோம். ஜூன் முடிவிலும், செப்டம்பர் முடிவிலும், டிசம்பர் முடிவிலும் ஏட்டைத் திறந்து பார்ப்பதென்றும், இடையில் ஒரு வரியையும் திருத்துவதில்லையென்றும் உறுதி செய்துகொண்டு, நூல்நிலைய அலமாரியில் வைத்துப் பூட்டினோம். எமக்கு அன்று இருந்த பெருமிதத்தை இன்று நினைக்குந்தோறும் நாணம் உண்டாகின்றது.

முதல் அடி விழ இருபத்திரண்டு நாளே ஆயிற்று. சோனி நிறுவனமும் ஜீ நிறுவனமும் இணைதல் ஜூன் மாதத்திற்குள் நிறைவேறும் என்பதற்கு 60 இட்டிருந்தோம். ஜனவரி 22ஆம் தேதி சோனி அவ்வொப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு முதல் பேசிவந்த சம்பந்தம் மணவறைக்கு வருமுன்னரே கலைந்தது. ஒரு பவுன் தங்கம் ஆண்டு முடிவதற்குள் 50,000 ரூபாயை எட்டும் என்பதற்கு 65. அஃது மார்ச்சு மாதத்திற்குள்ளேயே எட்டிவிட்டது. மக்களவைத் தேர்தலுக்குப் பின்னும் தேசிய ஜனநாயகக் கூட்டணியே ஆளும் என்பதற்கு 90, தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணி 35 இடங்களுக்குக் குறையாமல் வெல்லும் என்பதற்கு 80; இங்கிலாந்தில் அவ்வாண்டிலேயே தேர்தல் நடந்து தொழிற்கட்சி ஆட்சிக்கு வரும் என்பதற்கு 85. மூன்றும் பலித்தன, தமிழ்நாட்டில் 39 இடங்களும் அக்கூட்டணிக்கே சென்றன. தென்மேற்குப் பருவமழை சராசரிக்குக் குறையாது என்பதற்கு 60. சராசரியில் நூற்றுக்கு 108 பெய்தது. இவ்வளவும் எமக்கு வரவு. பற்றுப் பக்கம் இதனினும் பெரிது.

பாரதீய ஜனதா கட்சி தனித்து 300 இடங்களுக்கு மேற் பெறும் என்பதற்கு 75 இட்டிருந்தோம், பெற்றது 240. அமெரிக்காவில் டெமாக்ரட்டிக் கட்சியின் வேட்பாளராய் ஜோ பைடனே நிற்பார் என்பதற்கு 85. ஜூலை 21ஆம் தேதி அவர் விலகிக்கொண்டார். ரிஸர்வ் வங்கி தன் வட்டி விகிதத்தை 6.5 என்னும் நிலையிலிருந்து டிசம்பருக்குள் குறைக்கும் என்பதற்கு 70. ஆண்டு முழுதும் அவ்விகிதம் அசையவில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதியன்றுதான் 6.25 ஆயிற்று.

இக்கடைசி வரியைப் பற்றி எமக்குள் நேர்ந்த வழக்கு சொல்லத்தக்கது. பிப்ரவரியில் அச்செய்தி வந்தவுடன் எம்முள் பொருளியல் கற்பிப்பவர், "கணிப்புச் சரி; நாள்தான் முப்பத்தெட்டுத் தவறியது; இதனைப் பிழையெனல் கொடுமை" என்று வாதிட்டார். மாணவருள் இளையவர் பணிவுடன், "ஐயா, தேர்வுக்கு முப்பத்தெட்டு நாள் கழித்து விடையெழுதினால் தாங்கள் மதிப்பெண் இடுவீர்களா?" என்று கேட்டார். வழக்கு அதனோடு முடிந்தது. காலம் குறியாமல் ஒரு பொருள் விலை இறங்கும் என்றோ ஓர் ஆட்சி கவிழும் என்றோ சொல்லுதல் எவர்க்கும் எளிது. எந்த ஆட்சிதான் கவியாமலிருக்கும்?

ஜூன் மாதத்தில் நேர்ந்த மற்றொன்றை எழுதுவதா வேண்டாவா எனப் பலநாள் ஆராய்ந்தோம். உரியவரே எழுதுக என்றமையால் எழுதுகின்றோம். அம்மாதம் முதல் தேதி சனிக்கிழமை மாலை, இறுதி வாக்குப்பதிவு முடிந்தவுடன், வாக்களித்து வந்தோரைக் கேட்டெடுத்த கணிப்புகள் தொலைக்காட்சிகளில் வந்தன. ஆளும் கூட்டணிக்கு 350 முதல் 400 வரை என அவை ஏறக்குறைய ஒரே குரலாய்க் கூறின. திங்கட்கிழமை பங்குச் சந்தை துள்ளியேறியது. எம் நூல்நிலைய அன்பர் மழைக்குமுன் வீட்டுக் கூரையை மாற்றுதற்கென வைத்திருந்த லட்சம் ரூபாய்க்கு அன்று அரசாங்கத் தொழில்களின் பங்குகளை வாங்கினார். மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, வாக்குகள் எண்ணப்பட்டன. கூட்டணி 293 இடங்களில் நின்றது. மும்பைச் சந்தையின் குறியெண் ஒரே நாளில் ஏறத்தாழ 4,400 புள்ளி சரிந்தது. அன்பர் அஞ்சி அன்றே விற்றார். பதினையாயிரம் ரூபாய் போயிற்று. சந்தைக் குறியெண்ணோ மூன்றாம் நாளே, 7ஆம் தேதி, முன்னிருந்த நிலையையும் கடந்து மேலேறிவிட்டது.

அவர் எம்மை நோகவில்லை. ஆயினும் அவர் சொல்லிய ஒரு சொல் எம்மை விட்டு அகலவில்லை. "ஐயா, தொலைக்காட்சியை மட்டும் நான் நம்பவில்லை, நம் ஏட்டிலும் எழுபத்தைந்து என்றுதானே இருந்தது?" என்றார். எழுபத்தைந்து என்றால் இருபத்தைந்து மறுபுறம் உண்டு என்பதை யாம் அன்று தாழ்வாரத்தில் விளக்கியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பார். யாமே அதனை எண்ணிலேன். எமக்கும் அது 'நடக்கும்' என்பதற்கு மரியாதையான மறுபெயராகவே இருந்தது. முன்கூறுதல் பொழுதுபோக்கன்று என்பதை அன்று அறிந்தோம். ஒருவன் வாய்ச்சொல்லை நம்பி மற்றொருவன் பணம் போடுகின்றான், விதை விதைக்கின்றான், மகளை ஒரு படிப்பிற் சேர்க்கின்றான்.

இவற்றினும் பெரும்பிழை ஒன்றுண்டு. வங்கதேசத்தில் ஷேக் ஹசீனாவின் ஆட்சி ஆண்டு முழுதும் நிலைக்கும் என்பதற்கு 95 இட்டிருந்தோம். ஏட்டிலுள்ள எண்களுள் மிகப் பெரியது அதுவே. ஜனவரி 7ஆம் தேதித் தேர்தலில் அவர் வென்றார், யாமும் அகமகிழ்ந்தோம். ஜூன் 5ஆம் தேதி அந்நாட்டு உயர்நீதிமன்றம், விடுதலைப் போர் வீரர் வழிவந்தோர்க்கு அரசுப் பணியில் இருந்த நூற்றுக்கு முப்பது ஒதுக்கீட்டைத் திரும்பக் கொணர்ந்தது. அம்மாத முடிவில் யாம் ஏட்டைத் திறந்தபோது இவ்வரிக்கு வந்து, 'ஐயமில்லை' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம். ஜூலையில் பல்கலைக்கழக மாணவர் தெருவில் இறங்கினர், நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர், ஆகஸ்டு 5ஆம் தேதி ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். எம் ஐவருள் இருவர் மாணவர். மாணவரால் ஓர் அரசு கவிழக்கூடும் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை. வாழ்நாள் முழுதும் மாணவரிடையே இருக்கும் ஆசிரியர்க்கும் தோன்றவில்லை.

இனி, தென்கொரியாவில் டிசம்பர் 3ஆம் தேதி இரவு குடியரசுத் தலைவர் இராணுவச் சட்டம் அறிவித்ததும், சிரியாவில் டிசம்பர் 8ஆம் தேதி அசாத்தின் ஆட்சி வீழ்ந்ததும் எம் ஏட்டில் சரியென்றும் இல்லை, பிழையென்றும் இல்லை. அவற்றை யாம் கேள்வியாகவே எழுதவில்லை. எழுதாத வரிகளுக்கு எப்படி மதிப்பிடுவது என்பது எமக்கு இன்னும் விளங்காத ஒன்று.

பதினோராவது வரி ஒன்று எஞ்சியிருக்கின்றது. 'செயற்கை நுண்ணறிவாற் செய்த போலிப் படங்கள் தேர்தலைக் கெடுக்கும்' என்பது அது, 80 இட்டிருந்தோம். மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் கருவியால் அமைக்கப்பெற்று மேடையிற் காட்டப்பட்டது அவ்வாண்டு ஜனவரியிலேயே நிகழ்ந்தது. ஆனால் அதனாலே தேர்தல் கெட்டதா? கட்சிக்காரர் தம் தலைவர்க்குத் தாமே செய்துகொண்டது போலியாகுமா? கெடுதல் என்பதற்கு அளவு யாது? டிசம்பர் முடிவில் இவ்வொரு வரிக்காக ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டோம். இருவர் பலித்தது என்றனர், மூவர் இல்லை என்றனர். ஈற்றில் கோடிட்டு நீக்கினோம். ஒரு சோதிடன், பிறக்கும் குழவி ஆணோ பெண்ணோ என வினவிய செல்வனுக்கு 'ஆணல்ல பெண்' என்று ஓலையில் எழுதிக் கொடுத்தான் என்பர். ஆண் பிறந்தால் 'ஆண், அல்ல பெண்'. பெண் பிறந்தால் 'ஆண் அல்ல, பெண்'. எம் வரி அவ்வோலைக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. அச்சோதிடன் தெரிந்தே செய்தான், யாம் தெரியாமற் செய்தோம், அவ்வளவே வேற்றுமை. நாள்தோறும் அச்சேறும் அரசியற் கணிப்புகளிற் பெரும்பாலன இவ்வோலை வகையைச் சேர்ந்தவையே. 'நெருக்கடி முற்றும்', 'ஊடகங்கள் நம்பிக்கையை இழக்கும்', 'பொருளாதாரம் சோதனைகளைச் சந்திக்கும்' என்று எழுதுபவரை எவராலும் பிடிக்க முடியாது. கீழே விழுந்தாலும் அவர் மீசையில் மண் ஒட்டுவதில்லை.

எஞ்சிய பத்து வரிக்கும் எண்ணால் ஐந்தொகை போட்டோம். அம்முறை அமெரிக்க வானிலைத் துறையைச் சார்ந்த கிளென் பிரையர் என்பார் 1950ஆம் ஆண்டில் வெளியிட்டது. கணிதம் அறியாதாரும் பழகலாம். நடக்கும் என்பதற்கு நூற்றுக்கு 70 இட்டு, அது நடந்துவிட்டால், குறை 0.3, அதன் வர்க்கம் 0.09. நடவாவிடில் குறை 0.7, வர்க்கம் 0.49. இவ்வாறு ஒவ்வொரு வரிக்கும் கண்டு, கூட்டிச் சராசரி எடுத்தல் வேண்டும். குறைந்த எண் நல்லது. யாதொன்றும் அறியாத ஒருவர் எல்லா வரிக்கும் பாதிக்குப் பாதி, அஃதாவது 50, என்றிட்டால் அவர்க்கு வருவது 0.25. எமக்கு வந்தது 0.34. பத்தில் ஐந்து பலித்தன, ஐந்து பலிக்கவில்லை என்று சொன்னால் அவ்வளவு இழிவாய்த் தோன்றாது; ஆயின் பிழைத்த இடங்களில் யாம் மிக்க உறுதியோடு பிழைத்தோம் என்பதை இவ்வெண் காட்டிக்கொடுக்கின்றது. வங்கதேச வரி ஒன்றே 0.9 விழுங்கிவிட்டது. இரண்டு பட்டதாரி ஆசிரியரும் நாள் தவறாது பத்திரிகை படிக்கும் மூவரும் கூடிச் செய்த ஆராய்ச்சி, காசு சுண்டிப் பார்த்தலினும் கீழாய் முடிந்தது.

இஃது எம் அறியாமைக்கு மட்டுமே உரியது என எண்ணி ஆறுதல் பெறுவதற்கும் வழியில்லை. பிலிப் டெட்லாக் என்னும் உளவியற் பேராசிரியர் 1984ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அரசியலிலும் பொருளியலிலும் வல்லுநராய் மதிக்கப்பெற்ற 284 பேரிடம் ஏறக்குறைய 28,000 கணிப்புகளை எண்ணோடு எழுதி வாங்கி, நடந்தவற்றோடு ஒத்துப் பார்த்து, 2005ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வல்லுநரின் கணிப்பு குருட்டடியினும் மிகச் சிறிதே மேம்பட்டிருந்தது. ஒரே கொள்கையைப் பற்றிக்கொண்டு எல்லாவற்றையும் அதனால் அளந்தவர்கள் மிகவும் பிழைத்தனர். பல நூல்களிலும் சிறிது சிறிது கொண்டு, தம்மையே ஐயுற்றவர்கள் அத்துணை பிழைக்கவில்லை. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெயர் பெற்றவர்கள் பெயரில்லாதவர்களைவிடத் தாழ்ந்தே நின்றனர் என்பதை யாம் படித்தபோது, வியப்பினும் ஒருவகை நிறைவே உண்டாயிற்று. இதனை மறைத்தல் நேர்மையன்று.

பத்திரிகைக் கணிப்பிற்குப் பழைய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அது ஒரு கோடி பேர்க்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 23 லட்சத்திற்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே முகவரிகளை மிகுதியாய் எடுத்தது ஒரு காரணம். எண்ணிக்கை பெரிதாயிருந்தமையால் கணக்குச் சரியாயிருக்கும் என்று நம்பினர். இரண்டே ஆண்டில் அவ்விதழ் மறைந்தது.

ஆயினும், தன் சொல்லுக்குப் பொறுப்பேற்ற ஒருவரை இங்கே கூறாதிருத்தல் ஆகாது. கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் 'ஈதர்நெட்' முறையைக் கண்டவருள் ஒருவர் ராபர்ட் மெட்காஃப். அவர் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் தாம் எழுதிவந்த பத்தியில், இணையவலை 1996ஆம் ஆண்டிற்குள் பெருஞ்சிதைவுற்று வீழும் என்று கூறினார். வீழாவிடில் தம் சொல்லைத் தாமே தின்பதாகவும் உறுதி தந்தார். இணையம் வீழவில்லை. 1997ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிஞர் கூடிய மாநாடு ஒன்றில், அப்பத்தியின் வடிவாய்ச் செய்த இனிப்பு அப்பத்தை முதலில் அவர் கொண்டுவரச் செய்தார். அவையோர் அதனை ஏற்கவில்லை. அதன்மேல் அவர் பத்தி அச்சிட்ட தாளைக் கிழித்து, அரைக்கும் கருவியில் இட்டு, நீர் ஊற்றி அரைத்து, கரண்டியால் எடுத்து எல்லாரும் காண உண்டார். மெட்காஃப் இணையத்தை அறியாதவர் அல்லர். அதனை நன்கறிந்தமையாலேயே பிழைத்தார். அவர் கூறியதில் ஆண்டும் இருந்தது, நிகழ்ச்சியும் இருந்தது, தண்டமும் இருந்தது. நம் நாட்டிலும் அவ்வழக்கம் பரவினால் காகிதத்தின் விலை ஏறும் என்பதற்கு யாம் நூற்றுக்கு 90 இடத் துணிவோம்.

நகைச்சுவை நிற்க. கணக்குக் காட்டும் துறை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு; அதுவும் பஞ்சாங்கக்காரர் கூறிய மழையைப் பற்றியதே. இந்திய வானிலைத் துறை 1886ஆம் ஆண்டு முதல் பருவமழையைப் பற்றி முன்கூறி வருகின்றது. 1988ஆம் ஆண்டில் பதினாறு காரணங்களைக் கொண்டு கணிக்கும் ஒரு முறையை அமைத்தனர். பல ஆண்டுகள் அது நன்றெனப் பெயர் பெற்றது. 2002ஆம் ஆண்டில் சராசரியில் நூற்றுக்கு 101 பெய்யும் என்றனர். பெய்தது 81. ஜூலை மாதத்தில் வானம் பொய்த்துப் பயிர்கள் கருகின. அத்துறையார் மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விடவில்லை. கூறியதும் பெய்ததும் அருகருகே எழுதியிருந்தமையால் போகவும் முடியாது. மறு ஆண்டிலேயே முறையை மாற்றினர். அதன் பின்னும் பலமுறை மாற்றினர். இன்றும் பருவமுடிவில் தம் முன்கூற்றையும் பெய்த அளவையும் ஒப்பிட்டு வெளியிடுகின்றனர். வானிலையார் அரசியலாரினும் அறிவிற் சிறந்தவர் என்பது எம் கருத்தன்று. அவர்களுடைய ஏடு பூட்டப்படாமல் இருக்கின்றது. அதுவே அவர்கள் திருந்துதற்குக் காரணம்.

கணக்குக் காட்டாமையால் எத்துணைத் தீங்கு விளையக்கூடும் என்பதற்கு நம் நாட்டையே சுட்டலாம். 1967ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பாடக் உடன்பிறந்தார் இருவர், 1975ஆம் ஆண்டில் பஞ்சம் உலகைச் சூழும் என்றும், உணவு உதவி போதாமையால் பிழைக்கத்தக்க நாடுகளுக்கே அதனை அளித்தல் வேண்டும் என்றும், இந்தியா பிழைக்கத்தக்கதன்று என்றும் ஒரு நூல் எழுதினர். மறு ஆண்டு பால் எர்லிக் எழுதிய மக்கட்பெருக்கம் பற்றிய நூலும் அவ்வாறே அஞ்சுவித்தது. பீகாரில் மழை பொய்த்த காலம் அது. அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அந்நூல் அச்சேறுமுன்னரே, வேளாண்மை அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் 1966ஆம் ஆண்டில் மெக்ஸிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வருவித்திருந்தார், எம். எஸ். சுவாமிநாதனும் பிறரும் அவ்விதைகளை வயலில் ஆய்ந்து முடித்திருந்தனர். 1964-65இல் ஏறத்தாழ 120 லட்சம் டன்னாயிருந்த கோதுமை விளைவு 1967-68இல் 165 லட்சம் டன்னை எட்டியது. முன்கூறியவர் சொல்லைக் கேட்டு உதவுவோர் கையை மடக்கியிருந்தால், அப்பிழைக்கு விலை கொடுப்பவர் நூலாசிரியரல்லர். கூலியாட்களும் அவர் குழந்தைகளுமே கொடுத்திருப்பர்.

எர்லிக்குக்கு நீதி செய்தலும் வேண்டும். அவரும் நண்பர் இருவரும் 1980ஆம் ஆண்டில் ஜூலியன் சைமன் என்னும் பொருளியலாரோடு எழுத்தில் ஒரு பந்தயம் கட்டினர். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் என்னும் ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறும் என்பது எர்லிக் பக்கம். இறங்கும் என்பது சைமன் பக்கம். 1990ஆம் ஆண்டில் ஐந்தும் இறங்கியிருந்தன. எர்லிக் 576 டாலர் 7 செண்டுக்குக் காசோலை எழுதி அனுப்பினார். வேறு பத்தாண்டைத் தெரிந்தெடுத்திருந்தால் முடிபு மாறியிருத்தலும் கூடும். அஃது எவ்வாறாயினும், நூலிற் சொன்னவற்றிற்குக் கிடையாத தீர்ப்பு பந்தயத்திற் சொன்னதற்குக் கிடைத்தது.

இவ்வளவு பிழை நேருமாயின் முன்கூறுதலையே விட்டுவிடலாகாதோ என்று சிலர் கேட்டனர். விடுதல் இயலாது. வரவு செலவுத் திட்டம் போடும் நிதியமைச்சரும், அடுத்த ஆண்டில் எத்தனை மாணவர் சேர்வர் என்று விடுதிக்கு அரிசி வாங்கும் எம் விடுதிக் காப்பாளரும் முன்கூறுகின்றவர்களே. சொல்லாமற் கூறுவதைச் சொல்லிக் கூறுதல் நன்று. நூற்றுக்கு இத்தனை என்பது கோழைத்தனம், ஆம் இல்லை என்று அடித்துச் சொல்லுவதே ஆண்மை என்று கூறுவாரும் உளர். அடித்துச் சொன்னவர்களின் ஆண்மையை ஜூன் 4ஆம் தேதி மாலையில் கண்டோம். காக்கை உட்காரப் பனம்பழம் வீழ்ந்ததை வைத்துக்கொண்டு காக்கையின் வலிமையைப் புகழ்தலும் அத்தகையதே. ஒருமுறை பலித்தவரைத் தீர்க்கதரிசி எனப் போற்றும் வழக்கத்தைப் பத்திரிகைகள் விட்டொழிதல் வேண்டும். ஜனவரியில் கணிப்பை வெளியிடும் எந்தச் செய்தித்தாளும் டிசம்பரில் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில், கணக்கை வெளியிடுமாயின், அதற்கு எம் கலாசாலையில் மூன்று புதுச் சந்தாதாரர் உறுதி. மற்ற இருவரும் இரவல் வாங்கிப் படிப்பவர்.

நம் கலாசாலைச் சஞ்சிகைக்கும் இதனை ஒரு விண்ணப்பமாக வைக்கின்றோம். விளையாட்டு, விவாத சபை, விடுதி விழா இவற்றிற்குப் பக்கம் ஒதுக்கும் ஆசிரியர் குழுவினர், மாணவர் எழுதும் ஆண்டுக் கணிப்பிற்கு ஒரு பக்கமும் அடுத்த மலரில் அதன் ஐந்தொகைக்கு ஒரு பக்கமும் ஒதுக்குவாராக. கட்சிப் பூசல் நுழைந்துவிடும் என்று அஞ்சுதல் வேண்டா. தான் விரும்பாத கட்சிக்கு 80 இட நேரும் மாணவன் எத்துணை அமைதியாய்ப் பேசுகின்றான் என்பதை யாம் கண்ணாற் கண்டிருக்கின்றோம். விரும்புவது வேறு, நடக்குமென நினைப்பது வேறு என்பது தாளில் எண்ணை எழுதும்போதே புலப்படுகின்றது.

2025ஆம் ஆண்டிற்கு இருபது வரி எழுதினோம். 'கெடுக்கும்', 'முற்றும்' போன்ற சொற்களை விலக்கி, வரிக்கு வரி நாளும் அளவும் குறித்தோம். 90க்கு மேல் இட ஒருவர்க்கும் கை எழவில்லை. நூல்நிலைய அன்பரின் கூரை தீபாவளிக்குப் பிறகு மாற்றப்பட்டது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். புது ஏட்டை விரித்தபோது அவரே அடிகோலை எடுத்து, எண்களுக்கு அப்பால் சிவப்பு மையினால் ஒரு பத்தி கோடிட்டு, தலைப்பில் 'இதனை நம்பிப் பணம் போட்டால்' என்று எழுதினார். இருபதில் எட்டு வரிகளுக்கு அப்பத்தியை நிரப்பினோம்; மற்றவை வெறுமையாய் இருக்கின்றன. ஏடு நூல்நிலையத்து இரண்டாம் அலமாரியில் உள்ளது. வேண்டுவோர் அன்பரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஓரத்தில் பென்சிலால் எழுதற்க.